மாஜி எம்.பி.யும் எங்கள் மாட்டுங்கா மகஜரும்

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எல்லா வீட்டிலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள்தான். ஆகவே இந்த தேசத்தை எப்படி நடத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் முடிந்த கையோடு, டெல்லியில் புது உறுப்பினர்களுக்குப் படியை உயர்த்தப் போகிறார்கள் என்று பால் பூத் கியூவில் யாரோ சொல்லிவிட்டார்கள். நிஜமா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அன்று சாயங்காலமே எதிர்ப்பு மகஜர் அனுப்புவதென்று முடிவாகிவிட்டது.

கட்டடச் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஆங்கிலத்தில் கோபப்படுவதில் கெட்டிக்காரர்.

“ஓசியில ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ், ஓசியில டெலிபோன், டெல்லில வீடு. இதுல படி வேற ஒசத்தணுமாம்,” என்று சொல்லிக்கொண்டே நான்கு கோரிக்கைகளை எழுதி முடித்தார். நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“நாளைக்கு ஆபீஸ்ல டைப் பண்ணிண்டு வந்துடு. நல்ல பாண்டு பேப்பரா எடுத்துக்கோ.”

“ஆபீஸ் பேப்பராப்பா?”

“பொதுக் காரியம்தானே.”

மகஜர் தயாராகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தபோதுதான் எங்கள் எதிர்வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார். எதிர்வீட்டுப் பெண்ணின் தகப்பனார். திருநெல்வேலிச் சீமையில் இரண்டு முறை ஜெயித்து, பத்து வருஷம் லோக்சபையில் உட்கார்ந்திருந்தவர். இந்தத் தேர்தலில் தோற்றுவிட்டார். மனைவி இல்லை. மகள் வீட்டோடு இருக்க வந்துவிட்டார்.

மகஜரில் திட்டப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒருவரை நேரில் பார்த்ததும் கட்டடமே பரவசமாகிவிட்டது. மறுநாள் காலை அவர் தூக்குப் பாத்திரத்தோடு பால் கியூவின் கடைசியில் வந்து நின்றார். நாலைந்து பேர் அவரை முன்னால் போகச் சொல்லி உபசாரம் செய்தார்கள். அவர் நகரவில்லை. வந்த மறுநாள் லோக்கல் ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறித் தாதரில் பிடிபட்ட கதையை அவரே சொன்னார்.

“பத்து வருசமா பாஸ் இருந்துச்சா, டிக்கெட் எடுக்கணுங்கதே மறந்துபோச்சு. செக்கர் புடிச்சுட்டான். நான் யாருன்னு சொல்லலாமான்னு பாத்தேன். யாருன்னு சொல்ல? அவராதத்தைக் கட்டிட்டு வந்துட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தமாஷ் செய்கிறார் என்றே நினைத்தார்கள்.

அந்த வாரமே அப்பா ஒரு தட்டில் நேந்திரங்காய் வறுவலை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மே மாதம் பாலக்காடு போக எங்களுக்கு நான்கு பெர்த் வேண்டும். வி.டி. ஸ்டேஷன் கவுண்டரில் கிடைக்கவில்லை.

“மேலிடத்துல ஒரு வார்த்தை சொன்னேள்னா போறும்,” என்றார் அப்பா.

“நானே மெட்ராஸ்லேருந்து தேர்டு கிளாஸ்ல, பொட்டி மேல உக்காந்துல்லா வந்தேன்,” என்றார் அவர்.

“அதெல்லாம் உங்களோட எளிமை.”

“எளிமை இல்ல சார். பெர்த் கெடைக்கல.”

அப்பா நம்பவில்லை. எங்களுக்குப் பிறகு மாடி மாமா போனார். அவர் பாங்கில் ஆபீஸர். டெலிபோனுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். வேறொருவர் பிள்ளைக்கு என்ஜினீயரிங் சீட் கேட்டார். எல்லோருக்கும் மாஜி எம்.பி.யின் மகள் காப்பி கொடுத்தாள். அவர் உண்மையைக் கொடுத்தார். காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, “இத்தனை நாள் அனுபவிச்சாரே, நமக்காக ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடும்?” என்று மாடிப்படியில் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். மகஜரில் ஒரு மாஜி எம்.பி.யின் கையெழுத்தே முதலில் இருந்தால் டெல்லி நடுங்கும் என்பது அப்பாவின் கணக்கு. கோரிக்கைகளை உரக்கப் படித்தார். இலவசப் பாஸை எடுக்க வேண்டும். சபைக்கு வராத நாளுக்குப் படி கூடாது. டெலிபோன் பில்லை அவர்களே கட்ட வேண்டும். சம்பளத்தைக் கூட்ட வேண்டுமானால் ஜனங்களைக் கேட்க வேண்டும்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நாலும் சரிதான். உள்ள இருக்கையில நானும் இதைத்தான் சொன்னேன். எங்க கட்சிக்காரனே எங்கூட பேசாம இருந்தான். ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு.”

பேனாவை எடுத்து ஐந்தாவதைக் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, எங்களுக்குத் தமிழில் சொன்னார்: ரயில் பெர்த்துக்கோ, டெலிபோனுக்கோ, காலேஜ் சீட்டுக்கோ எந்த உறுப்பினரும் சிபாரிசு செய்யக் கூடாது, செய்தால் பதவி போக வேண்டும்.

“இருக்கதுலயே பெரிய சலுகை அதுதான். அதை விட்டுட்டு வெறும் பாஸைப் புடுங்கி என்ன செய்ய?”

காகிதம் கை மாறி மாடி மாமாவிடம் போயிற்று. அவர் அதைத் திருப்பி அப்பாவிடமே நீட்டினார்.

“அது சலுகை இல்லையே. அது ஜனங்களுக்குப் பண்ற சேவைன்னா.”

“டெக்னிக்கலா இது வேற சப்ஜெக்ட்,” என்றார் அப்பா. “ஒரு சப் கமிட்டி போட்டுப் பார்க்கலாம்.”

சப் கமிட்டி கூடவே இல்லை. ஒரே ஒரு கையெழுத்தோடு அந்த பாண்டு பேப்பர் எங்கள் அலமாரியில் கிடந்து மஞ்சளாயிற்று.

அதற்குப் பிறகு பால் கியூவில் அவரை யாரும் முன்னால் போகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் சயான் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கழுத்துவரை பொத்தான் போட்ட டெல்லிக் கோட்டு. அதில் தோல் பதனிடும் வாடை. தாராவியில் அவர் ஊர்க்காரர் ஒருவர் தோல் வியாபாரம் செய்தார். அங்கே ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் வேலையாம்.

“இந்த வயசுல எதுக்கு மாமா?”

“பென்சன் கெடையாதும்மா எங்களுக்கு. மருமகன்ட்ட மூக்குப்பொடி வாங்கக் காசு கேக்க முடியுமா?”

நாங்கள் பறிக்கக் கிளம்பியதெல்லாம் அவரிடமிருந்து ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஒன்றுமில்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று மொட்டைமாடியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“பாவம். அவாளுக்கு ஒரு பென்ஷன் குடுத்தாத்தான் என்ன?” என்றார். தேசத்தின் பேரில் அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மருமகனுக்குச் செம்பூர் காலனியில் வீடு கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். காலனிச் சங்கத்துக்கு அவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். தண்ணீர்த் தொட்டி கட்ட வைத்தார், தெருவிளக்குப் போட வைத்தார். கூடவே, யாரும் ஒரு வருஷத்துக்கு மேல் செயலாளராக இருக்கக் கூடாதென்று ஒரு விதியையும் கொண்டுவந்தார். வருஷம் முடிந்தது. விதியைக் காட்டி அவரையே இறக்கிவிட்டார்கள்.

“நல்ல விதிதானே மாமா,” என்றேன்.

“நல்ல விதிதான்,” என்றார். வாசலில் புதுச் செயலாளர் யாரிடமோ பேசிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகச் சற்று நேரம் பார்த்தார். “ஒரு வருசம் தள்ளிக் கொண்டுவந்திருக்கலாம்.”