வெயிலில் காய்ந்த தாள்

அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான் சொன்னது பொய். முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

நான் திருவாரூர்ப் பக்கம் வேதியியல் ஆய்வு மாணவி. ஒரு கரிமச் சாயத்தை உருவாக்கித் தாளில் ஏற்றியிருக்கிறேன். பூச்சிமருந்து கலந்த நீரில் அதை நனைத்து, புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளிராவிட்டால் நீர் சுத்தம். எத்தனை பெருமை எனக்கு!

ஆனால் வெயில் பட்டால் அந்தச் சாயம் செத்துவிடும். அதன்பின் விஷத்திலேயே ஊறினாலும் ஒளிராது. இது எனக்கு முன்பே தெரியும்... என் பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி முதலிலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்!

தை மாதம் நன்னிலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் சோதனை. அங்கே செல்வி என்ற பெண்ணின் வீட்டு அடிபம்பு வயலை ஒட்டியது. அந்தத் தண்ணீரில் தாளை நனைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பேராசிரியரை அழைத்துவரப் போனேன். திரும்புவதற்குள் நெல் காயும் படுதாவின் ஓரத்தில் அதைப் போட்டுவிட்டாள். அறுவடை நேரத்தில் ஈரமாக எது கையில் இருந்தாலும் வெயிலில் போடுவதுதானே அங்கே வழக்கம்? அவள்மேல் என்ன குற்றம்!

"நல்லா மொறுமொறுன்னு காஞ்சிருச்சுக்கா, பாருங்க" என்று நீட்டினாள்.

வீட்டுக்குள் இருட்டில் விளக்கைக் காட்டினேன். ஒளி இல்லை. பேராசிரியர் பக்கத்தில் நின்றார். பையில் வேறு தாள் இருந்தது... ஏன் எடுக்கவில்லை? அவர் காரணம் கேட்டுவிடுவாரோ என்ற பயம். வேறென்ன?

"தண்ணி நல்லா இருக்கு செல்வி" என்றேன்.

நேற்று அவள் போன் செய்தாள். ஐந்தாம் மாதமாம். "கேன் தண்ணிய அன்னைக்கே நிறுத்திட்டோம்க்கா. இப்ப எல்லாருக்கும் பம்பு தண்ணிதான்."

அன்று அவள் பம்பிலிருந்து புட்டியில் பிடித்துவந்த நீர் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்தது. இத்தனை நாள் அதைத் தொடவே இல்லை. இன்று புதுத் தாளை நனைத்து விளக்கைக் காட்டினேன். பச்சை! ஐயோ, பச்சை!

உடனே அவளை அழைத்தேன். "கேன் தண்ணியே வாங்கிக்கயேன் செல்வி... புள்ளத்தாச்சி இல்லியா" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"அட போங்கக்கா! நீங்களே பாத்துச் சொன்ன தண்ணி. அதவிட கேன் தண்ணி ஒசத்தியா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "செத்த இருங்கக்கா, தாகமா இருக்கு" என்றாள். பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் குடித்து முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு இணைப்பைத் துண்டித்தேன்.