பரிசோதனை நாளில் விரித்த போர்வைகள்

என் தம்பி சிவா பதுளைப் பக்கத்து அரச மனநல வைத்தியசாலை ஒன்றில் இருக்கிறான். கடந்த மார்கழியில் மாகாணக் கணக்காய்வுக் குழு அங்கே வருவதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். அரசு வாங்கிக் கொடுத்தது நோயாளிக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. சேரவில்லை என்று நான் எழுதிய கடிதங்களையெல்லாம் மேசைக்குள் போட்டுக்கொண்டவர் வைத்தியசாலைக் குழுத் தலைவர். நான் பள்ளிக்கூட மாஸ்டர்; அவர் என்னோடு படித்தவர், என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர். இரண்டையும் நான் மறப்பதாக இல்லை.

தெமோதரையில் ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினேன். ரயிலை நம்பாதீர்கள்; அது படம் எடுப்பவர்களுக்கு. பதுளையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், த்ரீவீலுக்கு அறுநூறு ரூபாய்.

"இன்டைக்கு உள்ள விட மாட்டாங்க சேர். பெரிய ஆக்கள் வாராங்க," என்றார் ஓட்டி வந்த முஸ்லிம் பெரியவர்.

"அதுக்குத்தான் போறேன், நானா," என்றேன்; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப நான் நிக்கட்டா, இல்லாட்டி பொலிஸ் ஜீப்புல வருவீங்களா?"

வாசலில் மறித்தார்கள். சிவாவின் பாதுகாவலராகக் கையெழுத்திட்டவன் நான் என்று மழையில் நகராமல் நின்றேன். அரை மணி நேரத்தில் விட்டார்கள்.

உள்ளே எல்லாக் கட்டிலிலும் புதுக் கம்பளிப் போர்வை. முந்தைய ஞாயிறு சிவா போர்த்தியிருந்தது இடுப்பில் கட்டும் கிழிந்த சாரம். தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரை வருகிறார் என்றால் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வெள்ளை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குப் புரிந்தது.

கணக்காய்வு அதிகாரி தமிழ் பேசும் பெண்மணி. கட்டில் கட்டிலாக விசாரித்தார். "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்கள் எல்லோரும். சிவாவும்தான்.

அவர் நகர்ந்ததும், "ஏன்டா பொய் சொன்ன?" என்றேன்.

"தொரை கேட்டா அப்படித்தானேண்ணே சொல்லணும்? இல்லாட்டி பேர வெட்டிருவாங்க." வியாதி வரும்வரை தோட்டத்தில் வேலை செய்தவன்; அங்கே பேர் வெட்டினால் அன்றைய கூலி போச்சு.

"இது தோட்டமில்லடா."

"நீ போயிருவ. நான்தானே இங்க கெடக்கணும்."

கணக்காய்வுக் குழு தேநீர் குடிக்கப் போனது. நான் போகவில்லை. சற்று நேரத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் தள்ளுவண்டியோடு வந்து போர்வைகளை மடிக்கத் தொடங்கினார். தேநீர் மேசைக்கு ஓடினேன்.

"மாஸ்டர், இப்ப வேணாம். பொறகு பேசுவோம்," என்றார் என்னோடு படித்த தலைவர்.

"இப்பதான் வேணும்," என்று அதிகாரியை அழைத்தேன். கோப்பையும் கையுமாக வந்தார்.

"கழுவ எடுக்கிறோம் மேடம்," என்றார் பொறுப்பாளர்.

"புதுசையா?" என்றார் அதிகாரி.

பிறகு சிவாவிடம் திரும்பினார். "தம்பி, இது உங்களுக்கு வேணுமா?"

சிவா பொறுப்பாளரைப் பார்த்தான். போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வேணும்ங்க. போன தடவையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அதிகாரி கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு வண்டியைக் காலி செய்யச் சொன்னார்.

உங்கள் வீட்டாரும் இப்படி ஓர் இடத்தில் இருந்தால், பரிசோதனை நாளை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் குடையும் எடுத்துப் போங்கள். குழு தேநீருக்குப் போகும்போது நீங்களும் வெளியே வந்துவிடாதீர்கள். முக்கியமாக, பேச வைத்துவிட்டு ஊர் திரும்பிவிடாதீர்கள்; பேசியவர் அன்றிரவும் அங்கேதான் படுக்க வேண்டும். நான் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். பொறுப்பாளர் கண்ணில் படும்படி சிவாவின் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.