மூன்றாம் கியருக்குப் போகும் கை

எங்கள் காரில் கிளட்ச் அவருடையது, கியர் என்னுடையது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டுகிறவர் என் கணவர். நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன். அவர் இடது காலால் கிளட்சை மிதித்ததும் என் வலது கை கியரைத் தள்ளும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். என்ஜின் சத்தம் ஏறுகிற விதத்திலேயே, இதோ மிதிக்கப் போகிறார் என்று என் கைக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமான முதல் வருடத்தில் தொடங்கிய பழக்கம் இது. அப்போது அவர் நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். லோடுக்குக் கயிறு இழுத்துக் கட்டும்போது இடது மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது. பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றி நிற்கிறது, பழம் யாருக்காகவும் காத்திருக்காது. "நா கிளட்ச்ச மிதிக்கறேன், நீயி கியரப் போடு" என்று என்னை ஏற்றிக்கொண்டார். அந்த லாரி கியர் முரட்டுக் கன்றுக்குட்டி மாதிரி. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் வரும். பத்து நாளில் மணிக்கட்டு சரியாகிவிட்டது. கியரை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு லாரி நாலு லாரியானது. அவர் ஓட்டுவதை விட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்தார். வேகத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் உட்காரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கருநீலக் கார் வந்தது. பார்க்கச் சின்னது, ஆனால் உள்ளே டர்போ என்ஜின், ஆறு கியர். மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தும். "நாலு பேரு ஒழுங்கா உக்கார முடியாத வண்டிய எதுக்குங்க வாங்குனீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "நாங்க ரெண்டு பேருதானுங்களே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துச் சமவெளி பாதி தூக்கத்தில் இருக்கும். கொல்லிமலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கரும்பாலைப் புகை தரையை விட்டு எழும்ப மனமில்லாமல் வயலிலேயே படுத்திருக்கும். அகத்தி மரங்களில் ஏறிய வெற்றிலைக் கொடிகள் பனியில் நனைந்து நிற்கும். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏற ஏற எல்லாம் கரைந்து பின்னால் ஓடும். எங்கே அவர் கால் முடிகிறது, எங்கே என் கை தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. கார் ஓடுகிறதா, நான் கனவு காண்கிறேனா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன்.

இந்த வருடம் அவருடைய இடது முழங்காலில் ஆபரேஷன் செய்தார்கள். பல வருடம் கிளட்ச் மிதித்துத் தேய்ந்த மூட்டு. "இனிமேல் கிளட்ச் இருக்கிற வண்டியே ஓட்டக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதம் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மத்தியான நேரத்தில் தார்ப்பாயை விலக்கி, என் இடத்தில் உட்கார்ந்து, கியர் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பிறகு சேலத்து ஷோரூம்காரர் ஒருவர் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு வண்டி கொண்டுவந்தார். எங்களுடையதை விட வேகமான ஆட்டோமேட்டிக் வண்டி. "ரெண்டு கிளட்ச் உள்ளுக்குள்ளயே இருக்குதுங்க. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள கியர் மாறிரும். எந்த மனுசனாலயும் இந்த வேகத்துல மாத்த முடியாதுங்க" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு இனி வேலையே இல்லீங்க" என்று சிரித்தார். அவர் தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் அந்த மனிதரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போய்விட்டது.

ஊரைத் தாண்டியதும் கணவர் அழுத்தினார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வண்டி. உறுமிக்கொண்டு பாய்ந்தது. சத்தம் ஏறியது, ஏறியது, எங்கள் காரில் மூன்றாம் கியர் விழுகிற இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான். என் கை தானாகப் போய் லீவரை முன்னால் தள்ளி நியூட்ரலில் போட்டது. அதே நொடியில் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. நடுரோட்டில் வண்டி என்ஜின் அலற நின்றது. பின்னால் வந்த கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனது. பின் இருக்கையில் ஷோரூம்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தப்பிலும் ஒரே நொடிதான். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் "இதையே எடுத்துக்கலாம் புள்ள. கால மடக்கி வெச்சுட்டுப் பழகிக்கலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வண்டி போனால் போகட்டும். ஆனால் அந்த மூன்றாம் கியர் நொடி இல்லாமல் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் இரண்டு பயணிகளாகிவிடுவோமே என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நம்ம வண்டிய நா ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் உக்கோந்து கியரப் போடுங்க" என்றேன்.

"நீயா? லைசென்சு எடுத்ததோட சரி, கிளட்ச்ச எங்க தொட்ட?"

"கியரு மட்டும் தொட்டுட்டா பொறந்தேன்?"

"செரி, பழகு. ஞாயித்துக்கெழம பாலம் வரைக்கும் போயிப் பாக்கலாம். முடியலீனா அந்த வண்டியத்தான் எடுக்கறோம்" என்றார்.

ஒரு வாரம் லாரி ஷெட்டில் சுற்றிச் சுற்றி வந்தேன். வண்டி எத்தனை தடவை அணைந்தது என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அதே ரோட்டில் ஏறினோம். அதே புகை, அதே பனி. நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். சத்தம் ஏறியது. மிதித்தேன். அவர் கை உடனே வரவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் வந்து கியரைத் தள்ளியது. அதுவரை என் கால் கிளட்சை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. நான்காம் கியருக்கும் அப்படித்தான்.

"ஏனுங்க, கை இவ்வளவு லேட்டாவா வரும்?"

"கால் மிதிச்சதுக்கு அப்பறந்தான கை வர முடியும்? முந்துனா கியர் பல்லு ஒடஞ்சிரும்."

எனக்கு ஏதோ உறைத்தது. என் கை ஒரு நொடி பிந்தியதில்லை என்று இத்தனை வருடம் பெருமை பேசியவள் நான்.

"அப்ப நானும் இப்படித்தான் லேட்டா வந்தனுங்களா?"

"மொதல்ல கொஞ்சம்."

"அப்பறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெற்றிலைத் தோட்டத்தைப் பார்த்தார். "கொஞ்சந்தான் சாமி. கால எடுக்காம வெச்சிருந்தா நீயி வந்துருவ."

அவருடைய வலது கை கியர் மேல் இருந்தது. தேய்ந்துபோன இடது முழங்கால் கதவோரமாக நீட்டிக் கிடந்தது. இத்தனை வருடம், ஒவ்வொரு கியருக்கும், என் கைக்காக அந்தக் கால் அழுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறது. ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. கண் கலங்கி ரோடு மங்கியது. "ரோட்டப் பாரு புள்ள" என்றார்.

பாலம் தெரிந்தது. சத்தம் ஐந்தாம் கியருக்கு ஏறியது. நான் மிதித்து, அவர் கை வந்து சேரும் வரைக்கும் காலை எடுக்காமல் வைத்திருந்தேன்.