நாடி தூங்குகிறதென்று நிறுத்திய மாத்திரை

போன வருஷம் என் கணவர் மாரடைப்பு வந்து பிழைத்தார். இதயம் திடீரென்று நின்றுவிடாமலிருக்க தினமும் சாப்பிடச் சொல்லி திருச்சி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதிலிருந்து இவருக்குக் கை சில்லிட்டது, நடையும் மந்தமானது. இது வைத்தியமா வினையா என்று எனக்கே சந்தேகம்தான்.

வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போன இடத்தில், நாடி பார்க்கும் பெரியவர் ஒருவர் இவர் கையைப் பிடித்தார். "நாடி தூங்குதே மாப்ளே! என்னத்தத் திங்கிற?" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அப்புறம் இவர் திடீரென்று சுறுசுறுப்பாகி வரப்பைத் தாண்டிக் குதித்தார். எனக்கு உறுத்தியது. "மாத்திரை போட்டீங்களா?" என்றால், "போலீஸ்காரி மாதிரி கேக்காதடி, முழுங்கிட்டேன்" என்பார்.

ஒருநாள் கடலைக்கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் காரில் திருச்சிக்குப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்: "மாத்திரையெல்லாம் முழுங்காம கூரை எரவாணத்துல செருகியிருக்கேன்டி."

டாக்டர் பிழைக்க வைத்துவிட்டுச் சொன்னார்: "நாடிய மெதுவாக்குறதுதாங்க இந்த மாத்திரையோட வேலையே. சட்டுனு நிறுத்துறது மேட்டுல நிக்கிற வண்டிக்கு முட்டுக்கல்ல உருவுற மாதிரி."

இப்போது எது தொந்தரவானாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதில்லை. "மாடு தண்ணி குடிச்சிருச்சுன்னு சொன்னா தொட்டியப் பாரு" என்பார்கள் எங்கள் பக்கம். தினமும் இவர் "முழுங்கிட்டேன்" என்கிறார். "நம்புறேங்க. நாக்கத் தூக்குங்க" என்கிறேன் நான்.