கணபதி கொடுத்த மாத்திரை

கண்டியை ஒட்டிய மஹய்யாவையில் கணபதியை மருந்துக்கடை ஆள் என்று யாரும் சொல்வதில்லை. ‘நம்ம டொக்டர்’ என்பார்கள். டவுனில் ஒரு பாமசியில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று எடுத்துத் தருவார். கொஞ்சம் பெருமைக்காரர், அதைவிட இளகிய மனசுக்காரர். அதுதான் வினையாகப் போனது.

அக்கம்பக்கத்தில் யாருக்குச் சளி, தடிமன் பிடித்தாலும் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டெல்லாம் கேட்காமல் அன்டிபயோட்டிக் கொடுத்துவிடுவார். பெண்டாட்டி வீரம்மாவுக்கோ கேட்கவே வேண்டாம். தெருக்கூட்டும் வேலை, தூசியில் அவளுக்குத் தொண்டை கட்டாத மாதமில்லை. அவள் இருமுவதற்குள் மாத்திரை கைக்கு வந்துவிடும்.

நாலு மாதமாக வீரம்மாவுக்கு வயிற்றோட்டம், அதில் இரத்தம். ஆள் பாதியாகிவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்துப் பெருங்குடலில் புண் என்றார்கள். இதுவரை என்ன மருந்து குடித்தீர்கள் என்று டொக்டர் ஜஹானா கேட்டதற்கு, “எல்லாம் எங்க வீட்டுக்காரரு குடுத்ததுதாங்க, ஒரு மாசம் தவறாது” என்று வீரம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள். கணபதிக்குத் தலை நிமிரவில்லை.

டொக்டர் அவரை வெளியே கூப்பிட்டு, கொடுத்தது அன்டிபயோட்டிக் என்று கேட்டறிந்துகொண்டு பேசினார்.

“ஈரல்ல சுரக்கிற பித்தநீர் குடலுக்கு வருது. அதில உள்ள அமிலங்கள அங்க இருக்கிற நல்ல கிருமிகள் வேற மாதிரி மாத்துது. அப்படி மாறினதுதான் உடம்பின்ட எதிர்ப்புச் சக்திய அடக்கி வைக்க உதவுது. அன்டிபயோட்டிக் அடிக்கடி குடிச்சா அந்த நல்ல கிருமியும் சாகும், அந்த மாற்றம் குறையும். அடக்க ஆளில்லாட்டி எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கலாம்.”

“அப்ப நான் குடுத்ததாலதானா?”

“அப்படி உறுதியாச் சொல்ல ஏலாது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.”

“அந்தக் கிருமியத் திரும்ப உண்டாக்க என்ன மாத்திரைங்க? எங்க இருந்தாலும் எடுத்திருவேன்.”

“அப்படி ஒரு மாத்திரை இல்ல. புண்ணு ஆற மருந்து தாறன். பொறுத்துத்தான் பாக்கணும்.”

ஆயிரம் மருந்தின் பெயர் தெரிந்த மனுஷன் வெறுங்கையோடு வார்டுக்குத் திரும்பினார்.

வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் புள்ள ஒன்னைய இப்படி ஆக்கிட்டேன்.”

“என்னா பேச்சு இது? நீங்க இல்லாட்டி நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்” என்று வீரம்மா சிரித்தாள். பிறகு நர்ஸ் பார்க்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க குடுக்குற மருந்து ஒண்ணும் கேக்கலைங்க. நாளைக்கு வாரப்ப நம்ம மாத்திரையக் கொண்டுவந்து குடுங்க.”