பட்டினச்சேரிக் கரையில் என் தொப்புள் துடித்த காலை

தஞ்சாவூரில் ஒன்றரை வருடமாக யோகப் பயிற்சி எடுக்கிறேன். எங்கள் பயிற்றுநர் ஒரு விதி வைத்திருக்கிறார்: தொப்புளில் இருக்கும் மணிபூரகச் சக்கரத்தை உணர்ந்து, அதை வகுப்பின் முன் சொன்னால்தான் ஆசிரியர் சான்றிதழ். என்னோடு சேர்ந்த ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தொப்புளில் அரிப்பைத் தவிர வேறெதுவும் தெரிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என் முறை.

புத்தகங்களைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. பத்து இதழ்த் தாமரை, நெருப்பின் இடம், அதுவரைக்கும் சரி. நிறம்? வகுப்புச் சுவரில் மஞ்சள், பழைய நூலில் மழைமேகக் கருமை. தெய்வம் ருத்திரன் என்கிறது ஒன்று, திருமால் என்கிறது இன்னொன்று. எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? "கடற்கரையில வெறும் வயித்தோட உட்காருங்க" என்றார் பயிற்றுநர்.

ஆகவே மாசி மாதச் சனிக்கிழமை காலை 4.15-க்குப் பேருந்து ஏறினேன். காரைக்காலில் 7.30-க்கு இறங்கி, பட்டினச்சேரிக்கு ஆட்டோ, 180 ரூபாய். கோயிலுக்கா என்று கேட்டார் ஓட்டுநர். சும்மா உட்காரத்தான் என்றேன். "உக்கார்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கண்ணாடியில் பார்த்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

படகுகளைத் தாண்டி மணலில் அமர்ந்து, கண்ணை மூடி அந்தச் சக்கரத்தின் மந்திரமான 'ரம்' என்பதை ஜபித்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொப்புளுக்குள் டக், டக் என்று ஒரு துடிப்பு! கண்ணீரே வந்துவிட்டது. 'தீ எழுந்தது, 8.40' என்று குறிப்பேட்டில் எழுதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, வயித்து வலியா?" பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தார், பெயர் செல்வி. அந்தக் கரையில் யாருக்கு வயிறு பிசகினாலும் எண்ணெய் தடவித் தட்டிவிடுவது அவர்தானாம். நான் விளக்குவதற்குள் தார்ப்பாயில் படுக்கவைத்து, மூன்று விரலைத் தொப்புளில் வைத்து அழுத்தினார்.

"நாடி நடுவுலதான் அடிக்குது. ஒதுங்கி அடிச்சாத்தான் குடலேத்தம், குடல் பிசகிருச்சுன்னு தட்டணும். ஒங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. பசி."

"இது சக்கரமில்லையா?"

அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் தொப்புளில் வைத்துக்கொண்டார். டக், டக். என்னுடையதைவிடப் பலமாக. "நானும் காலையிலேருந்து ஒண்ணும் திங்கல. ஒங்களுக்குச் சக்கரம்னா எனக்கும் சக்கரம்தானே?"

அவர் தன் தூக்குவாளியைத் திறந்தார். இருவரும் பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் துடிப்பு போய்விட்டது. பயமாக இருந்தது, கையில் கிடைத்ததை நானே தின்றுவிட்டதைப் போல.

ஞாயிற்றுக்கிழமை 'தீ எழுந்தது' என்ற வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. செல்வியின் வயிற்றையும் சேர்த்துச் சொன்னேன். "இது சக்கரமா, பசியா என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன். பயிற்றுநர் அடுத்த குழுவோடு வரச் சொன்னார். வெட்கமாக இருந்தது. ஆனால் சான்றிதழ் வாங்கிய ஆறு பேரில் மூன்று பேர், வெளியே வந்ததும் சத்தமில்லாமல் தங்கள் தொப்புளில் மூன்று விரலை வைத்துப் பார்த்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மணல் சுடும். திரும்பிவரும் ஆட்டோவை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் சாப்பிட்டால் அந்தத் துடிப்பு தெரியாது. வெறும் வயிற்றோடே போங்கள். கையில் இரண்டு பேருக்குச் சோறு இருக்கட்டும்.