ஹட்டனில் வாங்கிய கீபோர்டு

கல்யாண வீடுகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கச்சேரி செய்துகொண்டிருந்தோம். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், ஆர்மோனியம் வாசிப்பேன். பாடுவது அடுத்த லயத்து வரிசைவீட்டு அக்கா, கொழுந்து பறிப்பவர். எண்பதுகளின் கடைசியில், "தாளமும் சேர்த்துப் போடுற பெட்டி வந்திருக்காமே, அது இருந்தா சொல்லுங்க" என்று கல்யாணக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது. இருவரும் சீட்டுப் பிடித்து, சீட்டு விழுந்த வாரமே ஹட்டனுக்கு பஸ் ஏறினோம்.

எங்கள் கைக்கு எட்டும் விலையில் கடையில் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. முதலாளி பளபளப்பானதை முன்னால் தள்ளினார்.

"இதுல நூறு சத்தம் இருக்குங்க டீச்சர். நாய் குரைக்கிறதுகூட இருக்கு."

"கல்யாண வீட்டுல நாய்க்கா பஞ்சம்?" என்றார் அக்கா.

வாசித்துப் பார்த்தேன். கட்டைகள் குழந்தை விரலுக்குச் செய்ததுபோல் ஒடுங்கியிருந்தன. ஒன்றைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து ஒலித்தது. தாளங்கள் ஏராளம். ஆனால் கும்மிப் பாட்டுக்கு ஒத்துவரும் நடை ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று தட்டில் தூசி படிந்து கிடந்தது. அதில் சத்தங்கள் கொஞ்சம்தான். ஆனால் கட்டைகள் முழு அகலம். இடது கையில் சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் பேஸும் கிட்டாரும் தானாகவே கூட வந்தன. சோகப் பாட்டுக்கு மைனர் பிடித்தாலும் பிசகாமல் மாறின. கும்மிக்கு ஒத்துவரும் நடையும் இருந்தது; தாளத்தின் வேகத்தை நம் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். பேட்டரியிலும் ஓடியது. கரண்ட் இல்லாத லயங்களுக்குப் போகிற எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

"பாடிப் பாருங்கக்கா."

"இங்கயா? ஊரே பாக்குமே டீச்சர்!"

கும்மி நடையை ஓடவிட்டேன். முதல் அடியை அவர் வாய்க்குள்ளேயே பாடினார். இரண்டாவது அடியில் கூச்சம் போய்விட்டது. மலையில் எதிர் வரிசைக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற அந்தக் குரல் கடை முழுக்க நிறைந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"வட்டகொடையில என் தங்கச்சிக்குக் கல்யாணங்க. இந்தப் பெட்டியோட வருவீங்களா?"

அப்போது நாங்கள் பெட்டியை வாங்கியே இருக்கவில்லை. அக்கா நிமிர்ந்து பதில் சொன்னார்: "அதுக்குத்தானே வாங்குறோம்!"

முதலாளி சிரித்துக்கொண்டே தூசியைத் துடைத்து, கால் வைத்த ஸ்டாண்ட் ஒன்றையும் இனாமாகக் கட்டிக்கொடுத்தார்.

வட்டகொடையில், பந்தி முடிந்த பிற்பகலில் லயத்து வாசலில் வாசித்தோம். மூன்றாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் கலையவில்லை. கீபோர்டுக்கு மேலே இரண்டு பேர் படங்குச் சீலையை விரித்துப் பிடிக்க, மாப்பிள்ளையின் அம்மா மற்ற பெண்களையும் இழுத்து வந்து நனைந்தபடியே கும்மியடித்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மழைத் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னும் வேகமா விடுங்க டீச்சர்!"

விட்டேன்.